வீராவின் கடைவாய்ப்பல்

ஜூன் 3
வீராவுக்கு வலது கண்ணுக்குக் கீழே வீங்கியிருக்கிறது. சிப்பிப்பாறை நாய்க்கு முகமே ஒடுக்கம். லேசான புடைப்பும் பளிச்சென்று தெரிகிறது. "குளவி கொட்டியிருக்கும்யா, மஞ்சள் அரைச்சுப் போடு" என்றாள் எதிர்வீட்டு ஆச்சி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொஞ்ச நாளாகவே இடது பக்கமாக ஒதுக்கித்தான் மெல்லுகிறான்.

ஜூன் 4
ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி. டாக்டர் உதட்டைத் தூக்கிக் காட்டினார். மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பல்லில் வெளிப்பக்கம் சில்லாகப் பெயர்ந்து, நடுவே சிவப்பாக ஒரு புள்ளி. அதுதான் பல்லின் உயிர்க்கூழாம். அந்தப் பல்லுக்கு மூன்று வேர். வேர்நுனியில் சீழ் கட்டினால் கண்ணுக்குக் கீழேதான் வீங்கும். கெட்டியான எலும்பைக் கடித்தால் இப்படித்தான் உடையும் என்றார். எங்கள் தெருவில் யார் வீட்டில் கறி எடுத்தாலும் எலும்பு வீராவுக்குத்தான். நகத்தால் அழுத்திப் பதியாத எதையும் நாய்க்குக் கடிக்கக் கொடுக்கக் கூடாதாம்.

இவ்வளவு வலியிலும் ஒரு முனகல் இல்லை. வாலை ஆட்டிக்கொண்டே நின்றான். அதை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை.

ஜூன் 8
ரத்தப் பரிசோதனை முடிந்து இன்று மயக்கம் கொடுத்துப் பல்லை எடுத்தார்கள். மூன்று துண்டாக அறுத்து, வேர் வேராக. கையோடு மற்ற பற்களில் கல்லாக இறுகியிருந்த அழுக்கை, அதாவது காரையை, ஈறுக்கு அடியில் வரை சுரண்டினார்கள். மயக்கமில்லாமல் மேலாகச் சுரண்டினால் பல் வெள்ளையாகத் தெரியும், அவ்வளவுதான்; நோய் ஈறுக்கு அடியில் அப்படியே இருக்கும்.

ஜூன் 10
குழைந்த சோறு, கோழிச்சாறு. வீக்கம் வற்றுகிறது.

ஜூன் 16
ஆச்சியின் பூனை மீனை முகர்ந்து, ஒரு வாய் கவ்வி, கத்திக்கொண்டு ஓடுகிறது. எச்சில் ஒழுகுகிறது. தொண்டைப் பக்கம் ஈறெல்லாம் ரத்தச் சிவப்பு. கிராம்புத் தைலத்தோடு வந்த ஆச்சியைத் தடுத்துவிட்டேன். பூனைக்கு அது நஞ்சு.

ஜூன் 18
ஈறும் வாயும் அழலும் நோய்தான். மருந்துக்குக் கேட்காவிட்டால் பின்பற்களை எல்லாம் எடுக்க வேண்டி வரலாமாம். எடுத்தபின் பெரும்பாலான பூனைகள் நன்றாகவே சாப்பிடும் என்றார் டாக்டர். ஆச்சி தயங்கவில்லை: "பல்லில்லாம நான் திங்கலையா? வலி போனாப் போதும்யா."

ஜூன் 29
தையல் ஆறிவிட்டது. பல் துலக்கப் பழக்குகிறேன். நம் பேஸ்ட் ஆகாது. நாய் துப்பாது, விழுங்கிவிடும். சிலவற்றில் இருக்கும் சைலிட்டால் நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கி உயிருக்கே உலை வைக்கும். நாய்க்கென்று கோழி ருசியில் பேஸ்ட் விற்கிறது. முதலில் விரலில் துணி சுற்றித் தேய்த்தேன், அப்புறம் மெத்தென்ற பிரஷ். கன்னத்தை ஒட்டிய வெளிப்பக்கம்தான் முக்கியம். பல்லில் படியும் அழுக்கு இரண்டு மூன்று நாளில் காரையாக இறுக ஆரம்பித்துவிடும், அதனால் தினமும்.

நாளை ஞாயிறு. கறி எடுக்கும் வீடுகளில் காலையிலேயே சொல்லிவிட வேண்டும்: வீராவுக்கு எலும்பு வேண்டாம், ஒரு துண்டு ஈரல் போதும்.