வெள்ளாட்டுக் குடலும் ஒற்றைப்படை மதகும்

2025 ஜனவரி 6, திங்கள்

நான்காவது முறையும் ஆய்வகத்தில் வெள்ளாட்டுக் குடல் சோதனை சரியாக வரவில்லை. விடிவதற்கு முன்பே கோவை உக்கடம் போய், அறுத்த சூட்டோடு குண்டிக்காயும் (சிறுநீரகம்) குடலும் வாங்கி ஐஸ் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்துவிட்டோம், அதனால் பழசு என்று சொல்ல வழியில்லை. "ஏனுங் மேடம், இன்னைக்கும் குடலுங்களா" என்று கடைக்காரர் அக்கறையாகக் கேட்டுத்தான் கட்டிக் கொடுத்தார்.

என்ன செய்கிறோம் என்று கேட்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன். சிறுநீரகத்திலும் குடலிலும் உள்ள செல்களின் ஒரு பக்கம் பிரஷ் மாதிரி மயிர் மயிராக இருக்கும், சர்க்கரை உள்ளே வருவது அந்தப் பக்கமாகத்தான். திசுவை மேனிடால் கரைசலில் அரைத்துக் கொஞ்சம் கால்சியம் சேர்த்தால் மற்ற சவ்வுகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து, மெதுவாகச் சுற்றும்போதே அடியில் தங்கிவிடும், பிரஷ் சவ்வு மட்டும் மேலே மிதக்கும். அதை எடுத்து வேகமாகச் சுற்றி மெல்லிய ஊசி வழியாக இழுத்து விட்டால் துண்டுகள் தாமாகவே மூடிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத பைகளாகிவிடுகின்றன. உட்கரு கிடையாது, மைட்டோகாண்ட்ரியா கிடையாது, வெறும் சுவரும் சுவரில் இருக்கும் கதவுகளும்தான். உயிர் போன பிறகும் அந்தக் கதவு வேலை செய்வதைப் பார்க்கும்போது இத்தனை வருடம் கழித்தும் எனக்குச் சிலிர்க்கிறது.

பைக்கு வெளியே உப்பை நிறைய வைத்தால் சோடியம் உள்ளே பாய்கிற வேகத்தில் குளுக்கோஸையும் கூட இழுத்துக்கொண்டு போகும். ஒரு நிமிடத்துக்குள் உள்ளே இருக்கிற குளுக்கோஸ் வெளியே இருப்பதைப் போலப் பல மடங்கு ஆகிவிடும், அப்புறம் உப்பு இரண்டு பக்கமும் சமமானதும் மெல்ல இறங்கும். வரைபடத்தில் ஒரு சின்ன மலை. குண்டிக்காயில் அந்த மலை அழகாக வருகிறது. குடலில் தரை மட்டம்.

ஜனவரி 9, வியாழன்

பைகள் சரியில்லையோ என்று, பிரஷ் சவ்வின் அடையாளமான அல்கலைன் பாஸ்படேஸ் நொதியை அளந்து பார்த்தோம். அரைத்த திசுவில் இருந்ததைவிடப் பத்து மடங்குக்கு மேல் செறிந்திருக்கிறது, அதாவது நாங்கள் எடுத்தது பிரஷ் சவ்வேதான். சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் வைத்தாலும் அதே தட்டைக் கோடு. என் மாணவி மத்தியானம் சாப்பிடவே இல்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போய் வா, குளுக்கோஸை அளக்கிற கவுண்டர் (counter) இயந்திரத்தை நான் அணைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

ஜனவரி 11, சனி

சென்னிமலைப் பக்கம் எங்கள் தோட்டம். அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார், முகமே சரியில்லை. அம்மா உள்ளே போனதும்தான் வாயைத் திறந்தார். "அம்மிணி, வரப்போரம் ஒண்ணுக்குப் போனா எறும்பு மொய்க்குது. முத்திருச்சா கண்ணு?"

அப்பாவுக்குச் சர்க்கரை நோய், போன மாதம் மருத்துவர் டாபாகிளிஃப்ளோசின் மாத்திரைக்கு மாற்றியிருக்கிறார், என்ன மாத்திரை என்று யாரும் விளக்கவில்லை. மூன்று வாரமாக மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கியிருக்கிறார் மனுசன். நான் பாடம் நடத்துகிற விஷயம், என் அப்பாவுக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறேன் என்பது ரொம்பவே வலித்தது.

"இல்லீங்கப்பா, அந்த மாத்திரையோட வேலையே அதுதானுங்க" என்று ஆரம்பித்து, நம்ம கீழ்பவானி வாய்க்காலையே வைத்துச் சொன்னேன். சிறுநீரகம் ஒரு நாளைக்கு 180 லிட்டர் அளவுக்கு வடிக்கிறது, நல்ல உடம்பிலேயே அதில் 180 கிராம் போல சர்க்கரை இறங்கும். அது வாய்க்கால் தண்ணீர். வழியில் இருக்கிற மதகுகள் (நான் முன்னால் கதவு என்று எழுதியவைதான்) அந்தச் சர்க்கரையை இரத்தத்துக்குத் திருப்பி எடுத்துக்கொள்ளும், அதனால் கடைசியில் சிறுநீரில் ஒன்றும் இருக்காது. வாய்க்கால் தலைப்பில் இருக்கிற மதகின் பெயர் எஸ்ஜிஎல்டி-2, பத்தில் ஒன்பது பங்கை அதுவே எடுத்துவிடும். மாத்திரை அதை அடைக்கிறது. முன்பு எறும்பு வந்தால் இரத்தத்தில் சர்க்கரை மிஞ்சி வழிகிறது என்று அர்த்தம், இப்போது வருவது மிஞ்சியதை நாமே வெளியே விடுவதால்.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். எங்களுடையது ஒற்றைப்படை மதகுப் பாசனம், ஒரு போகம் எங்களுக்கு, மறு போகம் இரட்டைப்படைக்காரர்களுக்கு, மதகு அடைத்திருக்கும்போது தண்ணீர் எங்கே போகும் என்பது அவருக்கு மனப்பாடம். "அப்ப மேல இருக்கறவன் எடுக்காட்டி கடைமடைக்காரன் எடுத்துக்குவானே?" என்றார்.

அதேதான்! கடைமடையில் எஸ்ஜிஎல்டி-1 இருக்கிறது, மேலே விட்டதில் நல்ல பங்கை அது பிடித்துக்கொள்கிறது. தலைப்பு மதகை முழுவதும் அடைத்தாலும் வடிகிற சர்க்கரையில் பாதிக்கு மேல் வெளியே போகாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர் ஒரே மூச்சில் அந்த இடத்துக்கு வந்துவிட்டார்.

ஜனவரி 15, புதன், மாட்டுப் பொங்கல்

குடல் விடை கிடைத்துவிட்டது. பட்டியில் நின்றிருந்தேன், குட்டி மடியை முட்டி முட்டிப் பால் குடிக்கிறது, தாய் பாட்டுக்கு அசை போட்டுக்கொண்டிருக்கிறது. சட்டென்று உறைத்தது.

வளர்ந்த ஆடு தின்கிற மாவையும் சர்க்கரையையும் முதல் இரைப்பையில் இருக்கிற நுண்ணுயிர்கள் நொதிக்க வைத்து அமிலங்களாக்கிவிடுகின்றன. அதில் ஒன்றான புரோபியோனேட்டை வைத்துக் கல்லீரல் குளுக்கோஸ் செய்துகொள்ளும். சிறுகுடலுக்குச் சர்க்கரையாக வந்து சேர்வது சொற்பம், அப்புறம் அங்கே கதவு எதற்கு? செம்மறிக் குட்டிகள் பால் மறந்த பிறகு குடலில் இந்தக் கதவின் வேலை 200 மடங்குக்கும் மேல் குறைந்துபோனதை 1990களின் தொடக்கத்திலேயே அளந்திருக்கிறார்கள். இரத்தத்தில் குளுக்கோஸ் இருக்கிறவரை சிறுநீரகத்தில் அது வடிந்துகொண்டேதான் இருக்கும், அதனால் குண்டிக்காய் மட்டும் கதவை மூடவில்லை. எங்கள் தட்டைக் கோடு பிழையே அல்ல, ஆடு உண்மையைத்தான் நான்கு முறையும் சொல்லியிருக்கிறது. மாணவிக்கு உடனே போன் போட்டேன், அழுதுவிட்டாள்.

ஜனவரி 21, செவ்வாய்

பல்லடம் பக்கத்தில் இருந்து வந்த பிராய்லர் கோழிக் குடல். மக்காச்சோளம் தின்கிற உயிர். முதல் ஓட்டத்திலேயே மலை வந்துவிட்டது, 40 நொடியில் உச்சி!

ஜனவரி 28, செவ்வாய்

ஃபுளோரிசின் சேர்த்தோம், குண்டிக்காய் மலை, கோழி மலை இரண்டும் காணாமல் போயின. 1835இல் ஆப்பிள் மரப் பட்டையில் இருந்து பிரித்த கசப்புப் பொருள் இது. 1886இல் ஜெர்மன் மருத்துவர் ஃபான் மேரிங் இதைக் கொடுத்துச் சிறுநீரில் சர்க்கரை வரவைத்தார். சோடியமும் குளுக்கோஸும் கைகோத்துத்தான் நுழைகின்றன என்று அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் பிராகில் சொன்னது 1960இல்தான். இதையே ஏன் மாத்திரையாகக் கொடுக்கவில்லை என்று மாணவி கேட்டாள், நல்ல கேள்வி. இது குடல் கதவையும் சேர்த்து அடைப்பதால் வயிற்றுப்போக்கு வரும், போதாததற்குக் குடலிலேயே உடைந்தும் போகும். அப்பாவின் மாத்திரை இதே மூலக்கூறின் வழியில் வந்தது, மாற்றிச் செதுக்கியதில் தலைப்பு மதகை மட்டும் குறிவைக்கிறது.

பிப்ரவரி 6, வியாழன்

தைப்பூசத்துக்கு அப்பா பழனிக்கு நடக்கிறார், காங்கயம், தாராபுரம் வழியாக. விரதம் வேறு. மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டே பட்டினி கிடந்து தண்ணீரும் குறைந்தால் இரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே உடம்பு கொழுப்பை எரிக்கும்போது வருகிற கீட்டோன் அமிலம் ஏறிவிடலாம், அது ஆபத்து. மருத்துவரிடம் கேட்டோம், கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே நிறுத்திவிட்டு, திரும்பி வந்து ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு தொடரச் சொன்னார்.

நடைக் கூட்டத்துக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் கட்டிக் கொடுத்தேன், யாருக்காவது வயிறு போனால் கொடுப்பதற்கு. ஒரு பொட்டலம் முழுவதும் ஒரு லிட்டர் தண்ணீரில், மேலே சர்க்கரை போடவே கூடாது என்று தாளில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். சோடியம் 75, குளுக்கோஸ் 75 மில்லிமோல், உள்ளே போகிற இரண்டும் தண்ணீரைக் கூடவே இழுத்துக்கொள்ளும். காலராவிலும் குடலின் இந்தக் கதவு கெடுவதில்லை. 1971இல் மேற்கு வங்கத்துப் பங்கான் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் இந்த மாதிரி உப்பு சர்க்கரைத் தண்ணீரைப் பீப்பாயில் கலக்கிக் கொடுத்தபோது, 30 சதவீதத்தை ஒட்டியிருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

பிப்ரவரி 8, சனி

ராத்திரி தாராபுரத்தில் இருந்து அப்பா கூப்பிட்டார். கால் கொப்புளம் இரண்டு, மற்றபடி நலம். "மதகு தொறந்துதான் இருக்குது அம்மிணி, எறும்பைக் காணோம்" என்றார். திங்கட்கிழமை கோழியின் சிறுநீரகத்தையும் எடுக்கப் போகிறோம்.