83 சதவீதமா, 78 சதவீதமா?

1986-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த சிறுநீரகக் கல் சிகிச்சைக் கணக்கு ஒன்றை, புள்ளியியல் படித்தவர்கள் இன்னும் விடாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு முறைகள், முறைக்கு 350 நோயாளிகள். விலாவைக் கீறிச் செய்யும் திறந்த அறுவையில் 273 பேருக்கு வெற்றி, அதாவது 78%. முதுகில் சிறு துளையிட்டுக் கல்லை எடுக்கும் முறையில் 289 பேர், 83%. துளைதான் மேல் என்று யாருக்கும் தோன்றும்.

அதே 700 பேரைக் கல்லின் அளவு பார்த்துப் பிரியுங்கள். 2 செ.மீ.க்குக் குறைந்த கல்லில் திறந்த அறுவை 87-க்கு 81 (93%), துளை 270-க்கு 234 (87%). பெரிய கல்லில் 263-க்கு 192 (73%), துளை 80-க்கு 55 (69%). இரண்டு பிரிவிலும் திறந்த அறுவைதான் முன்னால்!

கூட்டலில் பிழை எதுவும் இல்லை. பெரிய கல்லை எந்த முறையில் எடுத்தாலும் கடினம். அவற்றில் பெரும்பகுதி திறந்த அறுவைக்குப் போயிருக்கிறது. சுலபமான சின்னக் கற்கள் துளைக்கு வாய்த்தன. மொத்தச் சதவீதம் சிகிச்சையின் திறமையோடு, யாருக்கு எந்தக் கல் வந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

சரிசெய்ய எக்செல் போதும். சின்னக் கல் மொத்தம் 357, பெரியது 343. இந்த 700 பேருக்கும் திறந்த அறுவையே செய்திருந்தால்? 357-ஐ 81/87-ஆல் பெருக்கினால் 332, 343-ஐ 192/263-ஆல் பெருக்கினால் 250. ஆக 582, சுமார் 83%. துளைக்கு இதே கணக்கில் 309-உம் 236-உம் சேர்ந்து 545, அதாவது 78%. முதலில் பார்த்த எண்கள் அப்படியே இடம் மாறி உட்காருகின்றன.

அதற்காக, அட்டவணையில் கண்ணில் படும் பத்தியை (column) எல்லாம் எடுத்துப் பிரிக்கக் கூடாது. இங்கே பலர் சறுக்குகிறார்கள். கல்லின் அளவு சிகிச்சைக்கு முன்பே இருப்பது. மருத்துவர் முறையைத் தேர்ந்ததிலும் அதற்குப் பங்கு உண்டு. ஆகவே பிரிக்கலாம். மருத்துவமனையில் எத்தனை நாள் படுத்திருந்தார் என்பது சிகிச்சைக்குப் பின் வருவது. அதை வைத்துப் பிரித்தால் சிகிச்சையின் விளைவையே துண்டு போட்டு மறைத்துவிடுவோம். தரவைப் பிரித்துத் தொகுத்துக் காட்டும் எக்செல் வசதியான பிவட் டேபிளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. எந்தப் பத்தியை இழுத்துவிட்டாலும் அழகாக அட்டவணை போட்டுக் கொடுக்கும்.

பிரிக்கப் பிரிக்க எண்ணிக்கையும் சிறுக்கும். சின்னக் கல்லில் திறந்த அறுவை தோற்றது 6 பேரிடம் மட்டுமே. இதை இன்னும் வயது வாரியாக நான்காக உடைத்தால், ஒருவர் இந்தப் பக்கம் வந்தாலே சதவீதம் ஆடிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. திறந்த அறுவைகள் 1972 முதல் 1980 வரை நடந்தவை. துளை முறை 1980 முதல் 1985 வரை. காலத்தை வைத்துப் பிரித்தால் ஒரு பக்கம் முழுக்கத் திறந்த அறுவை, மறுபக்கம் முழுக்கத் துளை. ஒப்பிட எதிரே ஆளே இருக்காது.