சின்ன வெங்காயக் கணக்கு: வீட்டில் சோப்பு செய்து வேதியியல் படித்த அனுபவம்

எங்கள் ஊர் காங்கேயம் பக்கம். கொப்பரை காயப்போடும் களங்களுக்கு நடுவில் வளர்ந்தவள் என்பதால் எண்ணெய் எனக்குப் புதிதில்லை, எண்ணெயைச் சோப்பாக்கும் காரமான காஸ்டிக் சோடாதான் புதிது. படித்தது பி.காம்., வேதியியலைப் பத்தாம் வகுப்போடு விட்டாயிற்று. மூன்று வருடங்களுக்கு முன்பு செக்கில் ஆட்டிய எண்ணெய் வீட்டில் கொஞ்சம் அதிகமாகத் தங்கிவிட, சோப்பு செய்து பார்க்கலாம் என்று இறங்கினேன்.

முதல் தடவை ஒரு கிலோ தேங்காயெண்ணெய்க்கு 174 கிராம் காஸ்டிக் என்று யாரோ சொன்ன அளவை அப்படியே போட்டேன், வெள்ளைவெளேர் என்று கட்டியாக, நுரை பொங்கும் சோப்பு வந்தது. ஆனால் குளித்துவிட்டு வந்தால் தோல் இழுத்துப் பிடித்தது. சரி, பாதி நல்லெண்ணெய் சேர்த்தால் மென்மையாக இருக்குமே என்று அடுத்த முறை 500 கிராம் தேங்காயெண்ணெய், 500 கிராம் நல்லெண்ணெய் எடுத்துக்கொண்டு காஸ்டிக்கை மட்டும் அதே 174 கிராம் போட்டேன். ஒரு மாதம் அலமாரியில் காயவிட்டு எடுத்தால், கத்தி வைத்த இடமெல்லாம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஈர விரலால் தேய்த்து நாக்கு நுனியில் லேசாக வைத்தேன், பேட்டரி முனையைத் தொட்டது போலச் சுரீர் என்றது. அதற்குள் அம்மா ஒரு துண்டை எடுத்துத் துணி துவைத்துவிட்டு, விரல் இடுக்கெல்லாம் எரிகிறது என்று கையைக் குழாயடியில் நீட்டிக்கொண்டு நின்றார். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. வீட்டு மனுஷிக்கே எரிச்சல் கொடுக்கும் ஒன்றை எப்படி இன்னொருவர் கையில் கொடுப்பது?

அக்கா மகள் அப்போது கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்டதற்கு, "சித்தி, எல்லா எண்ணெயும் ஒரே அளவு காஸ்டிக் குடிக்காது" என்றாள். ஒரு கொழுப்பு மூலக்கூறு என்பது ஒரு கிளிசரின் மூன்று கொழுப்பு அமிலங்களைப் பிடித்துக்கொண்டிருப்பது. அந்த மூன்றையும் பிரித்து சோப்பாக்க மூன்று காஸ்டிக் மூலக்கூறு வேண்டும். தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம், 12 கார்பன் உள்ள குட்டைச் சங்கிலி. நல்லெண்ணெயில் பெரும்பாலும் 18 கார்பன் நீளம். "ஒரு கிலோ சின்ன வெங்காயத்துல எத்தனை இருக்கும், ஒரு கிலோ பெரிய வெங்காயத்துல எத்தனை இருக்கும்? உரிக்கிற வேலை எதுல ஜாஸ்தி?" என்று கேட்டாள். குட்டைச் சங்கிலி என்றால் ஒரே கிலோவில் மூலக்கூறு அதிகம், காஸ்டிக்கும் அதிகம். அவ்வளவுதான், அதற்கப்புறம் எனக்கு மறக்கவே இல்லை.

அந்தக் கணக்குக்குப் பெயர் சாப் வேல்யூ. இதிலும் ஒரு வாரம் குழம்பினேன். புத்தகத்தில் தேங்காயெண்ணெய்க்கு 257 என்று இருக்கும், சோப்பு செய்பவர்கள் 0.183 என்பார்கள். 257 என்பது ஒரு கிராம் எண்ணெய்க்குத் தேவைப்படும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, மில்லிகிராமில். நாம் கட்டி சோப்புக்குப் போடும் காஸ்டிக் சோடா என்பது சோடியம் ஹைட்ராக்சைடு, அது எடை குறைந்த மூலக்கூறு (56-க்கு 40), அதனால் 1.403-ஆல் வகுத்து, ஆயிரத்தாலும் வகுத்தால் 0.183 வந்துவிடும். நல்லெண்ணெய்க்கு ஏறக்குறைய 0.134, விளக்கெண்ணெய்க்கு 0.128. என் தப்பை இப்போது போட்டுப் பார்த்தேன்: 91.5-உம் 67-உம் சேர்த்து 158.5 கிராம்தான் அந்த எண்ணெய் முழுவதுமாக ஏற்கக்கூடிய அளவு. நான் போட்டது 174. மீதி பதினைந்து கிராம் சொச்சம் சோப்புக்குள்ளேயே எரிச்சலாக உட்கார்ந்திருந்தது.

இப்போது நான் போடுவது 500 கிராம் தேங்காயெண்ணெய், 400 நல்லெண்ணெய், 100 விளக்கெண்ணெய். மொத்தம் 157.9 கிராம் காஸ்டிக் வருகிறது, அதில் 5 சதவீதம் குறைத்து 150 கிராம். அந்தக் குறைப்புதான் சோப்பில் கொஞ்சம் எண்ணெயை எண்ணெயாகவே விட்டுவைக்கிறது. எல்லாம் தராசில்தான், கப், ஸ்பூன் எதுவும் கிடையாது. பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் காஸ்டிக் டப்பாவைத் திறப்பதில்லை. எப்போதும் காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் கொட்ட வேண்டும், தண்ணீரைக் காஸ்டிக்கில் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் பக்கமே போகக்கூடாது, காஸ்டிக் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும்.

சோப்பாவது பரவாயில்லை, உண்மையில் என்னைப் படிக்க வைத்தது கற்றாழை க்ரீம்தான். நாத்தனாருக்காகக் கற்றாழையும் பன்னீரும் கொஞ்சம் பாதாம் எண்ணெயும் சேர்த்து ஒரு க்ரீம் செய்தேன். வைட்டமின் ஈ போட்டால் கெடாது என்று கேள்விப்பட்டு அதையும் போட்டேன். ஒன்பதாம் நாள் மூடியின் உள்பக்கம் கடுகைவிடச் சின்னதாகக் கறுப்புப் புள்ளிகள். வைட்டமின் ஈ எண்ணெய் காறிப்போவதைத் தள்ளிப்போடும், கிருமியைத் தொடவே தொடாது. இப்படித் தண்ணீர் இருக்கும் க்ரீம், ஜெல் எதற்கும் ப்ரிசர்வேட்டிவ், அதாவது கிருமி வளராமல் தடுக்கும் பொருள், வேண்டும். இதை ஒத்துக்கொள்ள எனக்கு மனசே வரவில்லை, 'கெமிக்கல் இல்லாதது' என்று சொல்லத்தானே இதையெல்லாம் ஆரம்பித்தேன். ஆனால் கண்ணுக்குத் தெரிந்த பூஞ்சை ஒரு பக்கம் என்றால், கண்ணுக்குத் தெரியாமல் வளரும் பாக்டீரியாவை முகத்தில் பூசச் சொல்வது எந்த விதத்தில் இயற்கை?

சரி என்று சோடியம் பென்சோவேட் என்ற ப்ரிசர்வேட்டிவ் வாங்கி அரை சதவீதம் போட்டேன். மறுபடியும் பூஞ்சை. இந்த முறை மூன்று வாரம் தாங்கியது, அவ்வளவுதான் வித்தியாசம். பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு, எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) தாள் வைத்துப் பார்த்தால் க்ரீம் 6-க்கு மேலே நின்றது. பென்சோவேட் பென்சாயிக் அமிலமாக மாறினால்தான் கிருமியின் உடலுக்குள் நுழையும். பிஎச் 4.2-இல் பாதி அமிலமாக இருக்கும், 5.2-இல் பதினொன்றில் ஒரு பங்கு, 6.2-இல் நூறில் ஒரு பங்கு. நான் போட்டதில் 99 பங்கு சும்மா கிடந்திருக்கிறது! சிட்ரிக் அமிலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பிஎச் முன்பே தெரிந்த பஃபர் கரைசலில் சரிபார்த்த மீட்டரை வைத்து 4.8-க்குக் கொண்டுவந்தேன். பொட்டாசியம் சார்பேட் என்ற இன்னொரு ப்ரிசர்வேட்டிவும் சேர்த்தேன். இரண்டு மாதமாக வெளியிலேயே வைத்து வாரம் ஒருமுறை திறந்து பார்க்கிறேன், இதுவரை புள்ளி எதுவும் இல்லை. இருந்தாலும் ஆய்வகத்தில் கிருமிப் பரிசோதனை செய்யாமல் அது பத்திரம் என்று சொல்ல மாட்டேன், வீட்டுக்கு வெளியே யாருக்கும் கொடுக்கவும் இல்லை. விற்பதென்றால் 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி உரிமம் வேண்டும், சோப்புக்கும் சேர்த்துத்தான்.

எங்கள் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காமல் பக்கெட் ஓரத்தில் பிசுக்காகப் படியும், தண்ணீரிலுள்ள கால்சியம் செய்கிற வேலை அது. அந்தக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ள, எண்ணெயின் எடையில் ஒரு சதவீதம் சிட்ரிக் அமிலம் சேர்க்கிறேன். அது ஒரு கிராமுக்கு 0.62 கிராம் காஸ்டிக்கைத் தின்றுவிடும், ஆகவே ஒரு கிலோ எண்ணெய்க்கு 10 கிராம் போட்டால் காஸ்டிக்கை 6.2 கிராம் கூட்ட வேண்டும். பாக்கெட்டில் மோனோஹைட்ரேட் (தண்ணீர் சேர்ந்த வகை) என்று இருந்தால் 5.7 போதும். காஸ்டிக் கரைக்கும் தண்ணீர் மட்டும் எப்போதும் டிஸ்டில்டு.

அடிக்கடி ஒரு கேள்வி வருகிறது, தோலின் பிஎச்சுக்கு ஏற்ற மாதிரி 5.5-இல் சோப்பு செய்ய முடியாதா என்று. நானும் முயன்றேன். சோப்பைக் கரைத்த தண்ணீரில் எலுமிச்சைச் சாறு விட்டதும் பால் திரிந்தது போலத் திரித்திரியாக மேலே மிதந்தது, நுரை செத்துவிட்டது. சோப்பு மறுபடி கொழுப்பு அமிலமாகப் பிரிந்துவிட்டது. எண்ணெயும் காஸ்டிக்கும் சேர்ந்த சோப்பு 9, 10 என்றுதான் நிற்கும். 5.5 வேண்டுமென்றால் அதற்குப் பொருளே வேறு. அப்படி நுரைக்கும் ஒரு தூளான சோடியம் கோகோயில் ஐசெத்தியோனேட் ஒரு கிலோ வாங்கி வைத்திருக்கிறேன். தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது என்கிறார்கள், முகக்கவசம் வந்ததும் இந்த ஞாயிற்றுக்கிழமை முதல் கட்டியை அழுத்திப் பார்க்கப் போகிறேன்.