தரங்கம்பாடிக்கு ஜெபிக்கப் போங்கள்

தரங்கம்பாடி என்றதும் பலருக்கும் 1620-ல் கட்டிய டேனிஷ் கோட்டையும் கடற்கரையும்தான் ஞாபகம் வரும். நான் சொல்ல வருவது கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி, கிங் தெருவில் இருக்கிற புதிய எருசலேம் ஆலயத்தைப் பற்றி. தமிழில் வேதம் வாசிக்கிற யாராக இருந்தாலும், எந்தச் சபையாக இருந்தாலும் சரி, ஒரு தடவையாவது அங்கே போய் முழங்கால் போட வேண்டும்.

நாங்கள் போனது வீட்டில் ரொம்ப நெருக்கடியான சமயம். என் கணவருக்கு வேலை போய்விட்டது, சேமிப்பும் கரைந்துகொண்டே வந்தது, பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டும் மாதம் நெருங்க நெருங்க எனக்குத் தூக்கமே இல்லை. அதைவிடப் பெரிய கஷ்டம், ஜெபம் வரவில்லை. வேதத்தைத் திறந்தால் கண் மட்டும் வரிகளின் மேல் ஓடும், உள்ளே எதுவும் இறங்காது. அத்தையிடம், என் மாமியாரைத்தான் சொல்கிறேன், ஒருநாள் இதைச் சொல்லி அழுதுவிட்டேன். அவர்கள் கொஞ்சமும் பதறவில்லை. "காய்ச்சக்காரிக்குக் கஞ்சி ருசிக்குமாம்மா? ருசிக்கலன்னாலும் ரெண்டு வாய் குடிச்சாத்தான் எழுந்திருக்க முடியும். நீ வாசிக்கிறத மட்டும் விட்டுராத" என்றார்கள். அப்புறம் அவர்களே, "வா, ஒரு ஞாயித்துக்கிழமை தரங்கம்பாடிக்குப் போய் ஆராதிச்சுட்டு வரலாம்" என்று கிளப்பினார்கள்.

மயிலாடுதுறை வரை ரயில், அங்கிருந்து பஸ். வளைவான பழைய நுழைவாயிலைத் தாண்டி உள்ளே நடந்தால் தெரு சட்டென்று அமைதியாகிவிடுகிறது. ஆலயத்தின் முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக்கின் முத்திரையும் 1718 என்ற ஆண்டும் இருக்கின்றன. உள்ளே, பலிபீடத்துக்கு அருகில்தான் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கிய மிஷனரி சீகன்பால்கு ஐயரை அடக்கம் செய்திருக்கிறார்கள்.

அவருடைய கதையை ஞாயிறு பள்ளியில் கேட்டதுதான். ஆனால் அந்தக் கல்லறைப் பக்கத்தில் நிற்கும்போது அது வேறு மாதிரி கேட்கிறது. 1706 ஜூலை 9-ஆம் தேதி அவரும் உடன் வந்த மிஷனரி புளுட்சோ ஐயரும் இந்தக் கரையில் வந்து இறங்கினார்கள். சீகன்பால்கு ஐயர் ஜெர்மனிக்காரர், வயது 24 இருக்கும், உடம்பும் அவ்வளவு திடம் கிடையாது. அனுப்பிவைத்தவர் டென்மார்க் ராஜா, ஆனால் ராஜாவின் ஆட்களே இங்கே அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதி நம் எழுத்தைக் கற்றுக்கொண்டார். 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்குகிறார், அடுத்த மாதமே டேனிஷ் ஆளுநர் அவரைப் பிடித்துச் சிறையில் போடுகிறார். நான்கு மாதம். ஆரம்பத்தில் மையும் தாளும்கூடக் கொடுக்கவில்லை. வெளியே வந்தவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து 1711 மார்ச்சில் முடித்துவிட்டார்!

சரி, எழுதி முடித்தாயிற்று, அச்சடிக்க வேண்டுமே. லண்டனில் இருந்து ஓர் அச்சுப்பொறியை அனுப்பினார்கள், அந்தக் கப்பலை வழியில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவிட்டார்கள், அதிலிருந்து தப்பிப் பயணத்தைத் தொடர்ந்தால் அச்சடிக்கத் தெரிந்தவர் நடுவழியில் இறந்துபோனார், கடைசியில் பொறி மட்டும் வந்து சேர்ந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகளோ அளவில் பெரியவை, இருக்கிற தாளுக்குக் கட்டுப்படியாகவில்லை. அதனால் இங்கேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். இப்படி ஒவ்வொரு கதவாக மூடி, ஒவ்வொன்றாகத் திறந்து, 1715-ல் முழுப் புதிய ஏற்பாடும் அச்சாகி முடிந்தது. இந்திய மொழிகளில் அச்சேறிய முதல் புதிய ஏற்பாடு நம்முடையதுதான். இந்த ஆலயத்தைக் கட்டிப் பிரதிஷ்டை செய்த மறு வருஷமே, 1719 பிப்ரவரியில், ஐயர் இறந்துவிட்டார். 36 வயது. பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம் வரைக்கும்தான் அவரால் வர முடிந்தது, மற்றதை அவருக்குப் பின் வந்த சூல்ட்சே ஐயர் முடித்தார்.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவருக்கு எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. முழு வேதத்தையும் தமிழில் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஆனாலும் அந்தந்த நாளுக்கு வேண்டிய பலத்தைக் கர்த்தர் அவருக்குக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார், அவரும் அன்றன்றைக்கு அதை வாங்கிக்கொண்டு அடுத்த வசனத்துக்குப் போயிருக்கிறார். நானோ அடுத்த வருஷத்துக்கும் சேர்த்து இப்போதே நிச்சயம் வேண்டும் என்று தேவனிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வனாந்தரத்தில் இஸ்ரவேல் ஜனங்களுக்குக் கர்த்தர் மன்னா என்ற ஆகாரத்தைப் பொழிந்ததை நினைத்துப் பாருங்கள். அன்றன்றைக்குத் தேவையானதைத்தான் பொறுக்கச் சொன்னார், விடியும்வரை மிச்சம் வைத்தது புழுத்துப்போனது. நாற்பது வருஷமும் அப்படித்தான் போஷித்தார். அந்த ஜனங்களிடம் களஞ்சியம் இல்லை, ஆனால் ஒரு காலையும் அவர்கள் பட்டினி கிடக்கவில்லை.

அன்று திருவிருந்து ஆராதனை. ஞானப்பாட்டு பாடும்போது பக்கத்தில் அத்தையின் குரல் நடுங்கியது, எனக்கும் தொண்டை அடைத்துக்கொண்டது. பலிபீடத்தண்டை முழங்காலிட்டு அப்பத்தை வாங்கியபோது, "மனுஷன் அப்பத்தினாலே மாத்திரமல்ல, தேவனுடைய வாயிலிருந்து புறப்படுகிற ஒவ்வொரு வார்த்தையினாலும் பிழைப்பான்" என்ற வசனம் மனதில் வந்தது. சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகத் தெரிந்த வசனம்தான். அன்றைக்குத்தான் அது எனக்குள் ஆகாரமாக இறங்கியது. பெரிய தரிசனம் எதுவும் கிடையாது, சத்தம் எதுவும் கேட்கவில்லை. பசித்தவளுக்குச் சாப்பாடு கிடைத்தது, அவ்வளவுதான், அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

போகிறவர்கள் கையோடு சொந்த வேதாகமத்தைக் கொண்டுபோங்கள். ஆராதனை முடிந்ததும் உடனே கிளம்பிவிடாமல் அங்கேயே உட்கார்ந்து ஓர் அதிகாரமாவது வாய்விட்டு வாசியுங்கள். கடற்கரைக்கும் போங்கள், ஆனால் அங்கே நிற்கும்போது 2004 சுனாமியில் அந்த ஊர் இழந்த ஜனங்களையும் நினைத்து ஜெபியுங்கள். இத்தனை பாடுகளுக்கு அப்புறமும் ஞாயிறு தவறாமல் ஆராதிக்கிற சபை அது.

என் கணவருக்கு இன்னும் நிரந்தர வேலை அமையவில்லை. தெரிந்தவர் ஒருவர் மூலம் சில மாத வேலை கிடைத்திருக்கிறது, பள்ளிக் கட்டணத்தில் பாதி கட்டிவிட்டோம், மீதியையும் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று இப்போது என்னால் சொல்ல முடிகிறது, சொல்லிவிட்டுத் தூங்கவும் முடிகிறது. காலையில் அத்தையும் நானும் பிள்ளைகளும் ஆளுக்கொரு வசனமாக வாசிக்கிறோம், ருசிக்கிற நாளும் உண்டு, ருசிக்காத நாளும் உண்டு, எப்படியிருந்தாலும் விடுவதில்லை. எங்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். உங்களில் யாருக்காவது இதே மாதிரி ஜெபம் வறண்டுபோன காலமாக இருந்தால், உங்கள் பெயர் தெரியாவிட்டாலும் நாளைக் காலை எங்கள் வீட்டு ஜெபத்தில் உங்களையும் கர்த்தரிடம் ஒப்புக்கொடுக்கிறோம்.