கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போன நாள்

கோவையில் இறுதியாண்டு புராஜெக்டுக்கு முதல் வாரமே திட்டம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். பிறகு அதில் ஒரு வரி மாறினாலும் வழிகாட்டி முகம் சுளிப்பார். அந்தப் பழக்கத்தோடுதான் முதுநிலைப் படிப்புக்குப் பின்லாந்தின் தம்பெரே நகருக்கு வந்தேன்.

ஒரு பாடத்துக்காக ஆறு பேர் குழு. நாங்கள் செய்ய வேண்டியது ட்ராம், பஸ் வரும் நேரத்தைக் காட்டும் செயலி. இங்கே ட்ராம் ஓடத் தொடங்கியதே 2021இல்தான். வண்டிகளின் நேரத் தரவு யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்து கிடக்கிறது. செப்டம்பரிலேயே 14 வாரத்துக்கும் வண்ணம் தீட்டிய அட்டவணை அனுப்பினேன். "நன்றாக இருக்கிறது" என்றார்கள். ஒருவரும் அதைத் திறக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அவர்கள் அடுத்த இரண்டு வாரத்துக்கு மட்டுமே திட்டமிட்டார்கள். சோம்பேறிகள் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் கடைசி ஞாயிறு காலை, ஹெர்வந்தா நிறுத்தத்தில் ட்ராம் கண்ணெதிரே கதவைத் திறந்து நிற்கிறது. அது வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்கிறது எங்கள் செயலி.

கோடைக்காக ஒரு மணி நேரம் முன்னே வைத்திருந்த கடிகாரத்தை அன்று அதிகாலை 4 மணி ஆனதும் நாடே 3க்குத் திருப்பியிருந்தது. கைபேசி தானாக மாறிக்கொண்டதால் நான் கவனிக்கவில்லை. உலகப் பொது நேரத்தில் (UTC) வரும் தரவோடு 3 மணி நேரத்தைக் கூட்டும்படி நிரலில் எழுதியிருந்தவன் நான்தான். கோடையில் அது சரி, குளிர்காலத்தில் 2. உலகப் பொது நேரத்தைவிட ஆண்டு முழுவதும் ஐந்தரை மணி நேரம் முன்னேயே அசையாமல் நிற்கும் நாட்டில் வளர்ந்தவனுக்கு இது எப்படித் தோன்றும்? மாலையில் அம்மாவும் கேட்டார்: "எட்டு மணிக்குக் கூப்பிடுகிறவன், இன்றைக்கு ஏன் ஒன்பது?"

அந்த 3 பதினொரு இடங்களில் இருந்தது. அவசரமாகத் திருத்தியதில் வேறொன்று உடைந்தது. கால அட்டவணைக் கோப்பில் நள்ளிரவு தாண்டிய 1.10 மணி வண்டியை முந்தைய நாள் கணக்கிலேயே 25.10 என்று எழுதுவார்கள். அவை எல்லாம் திரையிலிருந்து காணாமல் போயின.

திங்கட்கிழமைக் கூட்டத்தில், "இரண்டு இரவு விழித்திருந்து முடித்துவிடுகிறேன்" என்றேன். ஊரில் இந்த வாக்கியத்துக்கு மதிப்பு உண்டு. இங்கே மௌனம். பின்னிஷ்காரி ஒருத்தி கேட்டாள்: "தூங்காமல் ஏன்? எதை விட்டுவிடலாம், அதைச் சொல்." நான் ஆசையாக வைத்திருந்த வரைபடப் பக்கத்தை ஐந்தே நிமிடத்தில் எடுத்துவிட்டார்கள். நேரப் பிழையைச் சரிசெய்ய என்னோடு இன்னொருவன் அமர்ந்தான். யாரும் திட்டவில்லை. அதுதான் அதிகம் உறுத்தியது.

டிசம்பரில், பெயர் சொல்லியே அழைக்கப்படும் எங்கள் ஆசிரியர் வரைபடம் எங்கே என்று கேட்கவில்லை. அதை ஏன் கைவிட்டீர்கள் என்றுதான் கேட்டார். அதற்கு மதிப்பெண்ணும் இருந்தது.

மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரம் மறுபடி நகர்ந்தது. பாடம் முடிந்து மூன்று மாதம் ஆகியும் காலையில் நிறுத்தத்துக்குப் போய்ப் பார்த்தேன். செயலி சரியான நேரத்தைக் காட்டியது. ட்ராம்தான் இரண்டு நிமிடம் தாமதம்.