பின்னி ஐயருக்குக் கல்லறை இல்லை

எங்கள் தாத்தா பர்மாவில், ரங்கூன் இன்செயினில் இருக்கும் செமினரி ஹில்லில் இறையியல் படித்தவர். செமினரி என்றால் போதகர்களைப் பயிற்றும் பள்ளி. அந்தக் குன்றின் கதையை யார் தொடங்கி வைத்தது என்று அத்தையிடம் கேட்டேன். "பின்னி ஐயர்னு சொல்லுவாங்க தம்பி. மோல்மீன்ல கரேன் பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தினவராம். கல்லறையைப் பார்த்தா சொல்லு, பூ வைக்கணும்" என்றார். ஐயர் என்று அத்தை சொன்னது பாதிரியாரை. கரேன், பர்மாவில் வாழும் ஓர் இனம். மோல்மீன், அங்கே ஒரு துறைமுக ஊர்.

மோல்மீன் கல்லறைத் தோட்டத்தில் இரண்டு நாள் பாசி சுரண்டினேன். இல்லை. ரங்கூனிலும் இல்லை.

பிறகு பழைய மிஷன் பத்திரிகைகளை இணையத்தில் துழாவினேன். கரண்ட் இருக்கும் நேரம்தான் வேலை. ஊர்ப் பெயரை அடித்தால் ஒன்றுமே வராது. ஒரு ராத்திரி, மங்கிய பக்கம் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஆங்கிலத்தில் நாம் ஓவும் ஈயும் போடும் இடங்களில் அவர்கள் ஏ போட்டிருக்கிறார்கள்! Moulmein அல்ல, Maulmain. அப்படி அடித்ததும் பக்கம் பக்கமாகக் கொட்டியது.

ஜோசப் கெட்செல் பின்னி, 1807-ல் பாஸ்டனில் பிறந்தவர். 1845-ல் மோல்மீனில் கரேன் போதகர்களுக்கான செமினரியைத் தொடங்கினார். 1850-ல் ஊர் திரும்பி, வாஷிங்டனில் கொலம்பியன் கல்லூரிக்குத் தலைவரானார். அந்த நாற்காலியை விட்டுவிட்டு மறுபடி பர்மாவுக்கே கப்பலேறியிருக்கிறார். இதை வாசித்த இடத்தில் என்னால் மேலே போக முடியவில்லை. கரேன் மொழிக்கு வேட் ஐயர் என்ற இன்னொரு மிஷனரி பர்மிய எழுத்தைக் கொண்டு வரிவடிவம் அமைத்ததே 1830-களில்தான். பாடப்புத்தகம் முதற்கொண்டு எல்லாவற்றையும் எழுதித்தான் ஆகவேண்டும். அந்த வேலைக்குத்தான் திரும்பி வந்தார். 1859-ல் செமினரி ரங்கூனுக்கு மாறியது.

உடம்பு சரியில்லாமல் தாயகம் போனவர் மீண்டும் வரும் வழியில், 1877 நவம்பர் 26 அன்று, இந்தியப் பெருங்கடலில் இறந்தார். நான் கல் கல்லாகத் தேடியவர் கரையே ஏறவில்லை.

அத்தையிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்தம்மா என்ன ஆனாங்க?" என்றார்.

ஐயரின் மனைவி, ஜூலியட் அம்மையார். வேட் ஐயர் தொடங்கிய ஆங்கில–கரேன் அகராதியைத் திருத்திச் சுருக்கியவர் அவர்தான். 1883-ல் ரங்கூனில் அச்சேறியது. ஐயர் போய் ஆறு வருஷத்துக்குப் பிறகு. முகப்புப் பக்கத்தில் வேட் ஐயர் பெயருக்குக் கீழே 'திருமதி பின்னி' என்று நிற்கிறது. அத்தைக்கு அதைப் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார்.

அடுத்து அந்தம்மாவைத் தேடப் போகிறேன்.