குரூப் 4 படிப்புக்கு லாஞ்சரை இப்படி அமைத்தேன்

குரூப் 4-க்கு லேப்டாப்பில் படிப்பவர்களுக்குத் தெரியும்: ஒரு பிடிஎஃப்பைத் தேடப் போய், பிரவுசர் திறந்து, யூடியூப்பில் போய் நிற்போம். நான் உபுண்டுவில் (லினக்ஸ் இயங்குதளம்) யூலாஞ்சர் என்ற இலவச லாஞ்சர் மென்பொருளைப் போட்டுக்கொண்டேன். கன்ட்ரோல்-ஸ்பேஸ் அழுத்தினால் ஒரு பெட்டி வரும், ஆப்பின் பெயரைத் தட்டினால் அது திறக்கும். தமிழ் தட்டச்சுக்கு எஃப்சிட்டெக்ஸ் என்ற மென்பொருளை வைத்திருந்தால் மொழி மாற்றுவதும் அதே விசைதான், இரண்டும் முட்டிக்கொள்ளும். முதல் வேலையாக இரண்டில் ஒன்றின் விசையை மாற்றிவிடுங்கள்.

நிறுவியவுடன் எல்லாரும் தீம், நிறம் என்று இறங்குவார்கள். வெட்டி வேலை. ப்ரிஃபரன்ஸஸில் (அமைப்புகள்) உள்ள ஷார்ட்கட்ஸ் பக்கம்தான் முக்கியம்: ஒரு சொல்லைத் தட்டினால் எது திறக்க வேண்டும் என்று நாமே வைப்பது அங்கேதான்.

தேர்வில் 200 கேள்வி, அதில் 100 தமிழ். அதனால் என் முதல் ஷார்ட்கட் சொற்பொருளுக்கு. தமிழ் விக்சனரியில் (இணைய அகராதி) ஏதாவது ஒரு சொல்லைத் திறந்து, அந்தப் பக்கத்தின் முகவரியை ஷார்ட்கட்டில் ஒட்டி, சொல் இருக்கும் இடத்தில் மட்டும் சதவீதக் குறியும் சிறிய எஸ் எழுத்தும் (%s) போட வேண்டும். அதைக் கூப்பிடும் குறிச்சொல்லாக டபிள்யூ வைத்தேன். டபிள்யூ, ஒரு இடைவெளி, ‘களிறு’, என்டர்: நேரே அந்தச் சொல்லின் பக்கம். நடுவில் கூகுள் கிடையாது, கவனம் சிதறவும் வழி கிடையாது.

அடுத்தது பாடம் தொடங்க. ஆப்பின் பெயரை நினைக்காமல் செய்யப்போகும் வேலையின் பெயரை வைப்பதுதான் சூட்சுமம். ‘வரலாறு’ என்பதற்கு ஒரு குட்டி ஸ்கிரிப்ட் (கணினிக்கான சில வரிக் கட்டளைகள்): சமச்சீர் சமூக அறிவியல் புத்தகத்தையும் என் குறிப்புக் கோப்பையும் சேர்ந்தாற்போலத் திறக்கும். எவின்ஸ் என்ற பிடிஎஃப் ரீடரில் படித்தால் விட்ட பக்கத்திலேயே புத்தகம் வந்து நிற்கும்.

அடிக்கடி திறக்கும் ஆப்களைப் பெட்டி தானாகக் காட்டும் அமைப்பு இருந்தால் அந்த எண்ணிக்கையைப் பூஜ்ஜியமாக்குங்கள். இல்லாவிட்டால் நீங்கள் எதையும் தட்டாமலே பிரவுசர் முதலில் வந்து கூப்பிடும். பெட்டியிலேயே கணக்கும் போடலாம். ஆனால் திறனறி பகுதியின் 25 கேள்விகளுக்கும் பேனாதான். விடை சரிபார்க்க மட்டும் இது.

ஷார்ட்கட்கள் எல்லாம் ஹோம் ஃபோல்டரில், மறைந்திருக்கும் கான்ஃபிக் (.config) ஃபோல்டருக்குள், யூலாஞ்சர் என்ற ஃபோல்டரில் ஒரே ஜேசன் கோப்பாக இருக்கும். கூடப் படிப்பவருக்கு அதையே கொடுக்கலாம். ஸ்கிரிப்டில் உள்ள கோப்புப் பாதைகளை மட்டும் அவர் தன் லேப்டாப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.